உடும்பின் முறை

என் அக்காவின் கணவரை நான் என் கையால் கொன்றேன். இதை எழுதும்போதே அம்மா காதில் விழுந்துவிடுமோ என்று வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். கொன்றது காகிதத்தில்தான், பகடை உருட்டித்தான், அதுவும் அவரே கேட்டுக்கொண்டதால்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பக்கம் திரும்பி ஒரு தும்மல் போட்டாலே மூன்று நாளைக்குப் பேச்சு ஓடும்.

தென்காசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. அப்படி ஒரு மார்கழியில், ஈயும் வராத ஒரு மதியம், ஆன்லைனில் ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் கதை சொல்லி, பகடையால் சண்டை போடும் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம். முழுக்க இங்கிலீஷ். படித்துப் படித்துக் கண் பூத்துப்போய், கடைசியில் எனக்குப் புரிந்ததை மட்டும் தமிழில் பக்கத்துக்கு ஒரு விதியாகப் பதினாறு பக்கம் எழுதி, என் கடையிலேயே அச்சடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டேன்.

விளையாட்டு இதுதான். ஒருவன் கதையை நடத்துவான், அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் காடு மலை சுற்றுவார்கள். சண்டை வந்தால் முறை வைத்துத்தான் அடிக்க வேண்டும். எல்லாரும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தவர் முதலில் அடிப்பார், அடுத்த எண்காரர் அடுத்து. எதிரிக்கும் அந்த வரிசையில் ஒரு முறை உண்டு. பிழைத்து வந்தால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் உயிர்ப் புள்ளி கூடும். ஓட்டம், பலம், பேச்சு என்று வேண்டிய திறமையையும் வளர்த்துக்கொள்ளலாம். உயிர்ப் புள்ளி தீர்ந்தால் ஆள் அநேகமாகக் காலி.

விளையாட ஆள் வேண்டுமே. என் மனைவி பள்ளியில் கணக்கு வாத்திச்சி. வாரம் முழுக்கப் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவள், ஞாயிற்றுக்கிழமை யாரையாவது அடிக்கலாம் என்றதும் உடனே சம்மதித்தாள். வாங்கிய புள்ளியை எல்லாம் பலத்திலேயே போட்டாள். அடுத்தவன் என் பள்ளித் தோழன், பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவன். அவன் எல்லாவற்றையும் பேச்சில் போட்டான். பாலத்தை மறித்து நின்ற பூதத்திடம் அரைமணி நேரம் பேரம் பேசி, அதன் கதாயுதத்தையே கைமாற்றிக்கொண்டு போனவன். "ஓட்டத்துலயும் கொஞ்சம் போடுலே" என்றால், "ஓடுத யாவாரி உருப்படுவானா?" என்பான்.

மூன்றாவது ஆள் அத்தான். செங்கோட்டையில் மர அறுவை மில் வைத்திருக்கிறார். அவரை அக்காதான் அனுப்பிவைத்தாள். "ஞாயித்துக்கிழம ஆனா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருலே. கூட்டிட்டுப் போயி ஏதாவது பண்ணு" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் அத்தான் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பத்திரிகைக் கவருக்குள் போட்டுவிடலாம். "ம்." "செரி." பரிமாறும்போது, போதும் என்பதற்கு "மதி, மதி." அவ்வளவுதான். நாற்காலியின் நுனியில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் "என்ன வேடம் வேணும் அத்தான்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திருடன்" என்றார். மண்டித் தோழன் குடித்துக்கொண்டிருந்த காப்பியை மூக்கு வழியே விட்டான்.

எங்கள் வீட்டு மாடியில் மேசை போட்டு ஆடினோம். முதல் சண்டை, மூன்று வழிப்பறிக்காரர்களோடு. பகடை உருட்டினார்கள். தோழனுக்குப் பதினெட்டு, மனைவிக்குப் பதினொன்று, கொள்ளையர்களுக்கு ஏழு, அத்தானுக்கு மூன்று. "நீ அடிலே" என்றேன் தோழனிடம். அவன் நெளிந்தான். "அத்தான் இருக்கும்போது நான் எப்படிலே முதல்ல? நீங்க அடிங்க அத்தான்."

"இல்ல, நீங்க அடிங்க."

"சே, நீங்க அடிங்க."

"அண்ணனே முதல்ல அடிக்கட்டும்" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். அத்தான் அவளுக்கு அண்ணன் முறை. கொள்ளையர் தலைவன் ஓங்கிய அரிவாளோடு நின்றுகொண்டே இருந்தான். எனக்கு வருவதே மூக்கு மேல் கோபம். "இது என்ன பந்தியா? மூணு பேரும் இப்படியே உபசரிச்சுக்கிட்டிருங்க, கொள்ளக்காரன் டீ குடிச்சிட்டு வரட்டும்!" என்று கத்தினேன். அன்றைக்கே பதினேழாவது விதியை எழுதி ஒட்டினேன்: மரியாதை செலுத்துவதும் ஒரு செயலாகக் கணக்கிடப்படும், செலுத்தியவரின் முறை அத்தோடு முடிந்தது. தடிப் புத்தகத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. அதை எழுதியவர்கள் தென்காசிப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

விதி எழுதி ஒட்டிய சூட்டில் கொள்ளையனின் முறை வந்தது. அத்தானைக் குறிவைத்து அம்பு விட்டான். கதை நடத்துபவன் உருட்டும் பகடை மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, கடையின் மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தை விரித்து எனக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தியிருந்தேன். அதற்குப் பின்னால் உருட்டினேன். பத்தொன்பது. கச்சிதமான அடி. சேதம் ஒன்பது. அத்தானின் உயிரே எட்டுதான். நானே போட்ட விதிப்படி, அடியின் சேதம் முழு உயிரையும் தாண்டினால் அந்த இடத்திலேயே சாவு. திருடன், விளையாட்டு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், யாரிடமும் எதையும் திருடாமலேயே போய்ச் சேர்ந்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துப்போக மாடிக்கு வந்தாள். அத்தான் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஏலே, மாப்ளய ஏதும் மனசு நோவப் பண்ணிப்புடாத" என்று என் காதில் சொல்லிவிட்டு நின்றாள். நான் அத்தானைப் பார்த்தேன். நாற்காலி நுனியிலிருந்து முதல் தடவையாக முன்னால் சாய்ந்து, பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு" என்றேன். "அம்பு தாண்டிப் போயிட்டு அத்தான். தப்பிச்சிட்டிய."

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு பொய் சொன்னால் அதை மேய்க்க வேண்டியிருக்கிறது. முதலைக் குளத்தில் ஒரு பொய், குகையில் இரண்டு, விஷப் புகையில் ஒன்று. நாலு மாதத்தில் அத்தானின் திருடன் ஆறாவது லெவலுக்கு வந்துவிட்டான். கயிறில்லாமல் கோட்டை ஏறினான், பூட்டைப் பார்த்தாலே அது திறந்துகொண்டது. திருடனின் புள்ளிகளை எல்லாம் குறித்து வைத்த பாத்திரத் தாளை வண்டியின் ஆர்.சி. புக்கோடு ஒரே கவரில் வைத்துப் பத்திரப்படுத்தினார் அத்தான். வாட்ஸப் ஸ்டேட்டஸில் "லெவல் 6" என்று மட்டும் போட்டார். அவர் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணிவிட்டார் என்று நினைத்து நாலைந்து பேர் வாழ்த்துச் சொன்னார்களாம். வாங்கிக்கொண்டார்.

அதைவிட, மனிதர் பேசத் தொடங்கியிருந்தார். புதன்கிழமையே போன் வரும். "தம்பி, அந்தக் கோட்டைக்குப் பின்பக்கம் வாய்க்கால் உண்டுமா?" ஒன்பது வருடத்தில் பேசாததை நாலு மாதத்தில் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணன் தம்பி இல்லாமல் வளர்ந்தவன் நான். அவர் போனை எதிர்பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

மனைவிதான் எச்சரித்தாள். "நாலு மாசமா அண்ணன் மேல ஒரு பெரிய அடிகூட விழல. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். இதுக்கு லாட்டரியே வாங்கலாம்" என்றாள். "நீ உன் சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். கணக்கு வாத்திச்சியைக் கட்டியவனுக்குப் பொய் சொல்லும் சுகம்கூடக் கிடையாது.

குற்றாலத்தில் சீசன் வந்தது. வருடா வருடம் போல, குடும்பத்தோடு ஐந்தருவிப் பக்கம் இரண்டு நாளைக்கு அறை எடுத்தோம். அம்மா, அக்கா, அத்தான், நான், மனைவி. தோழனும் மண்டியைப் பூட்டிவிட்டு ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்து சேர்ந்தான். எண்ணெய் தேய்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால், தண்ணீர் அதிகமாக விழுகிறது, குளிக்கத் தடை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலை முழுக்க எண்ணெயோடு அறைக்கு வந்து, வேறு வேலையில்லாமல், வராந்தாவில் பாயை விரித்து ஆட்டத்தைத் தொடங்கினோம். அம்மாவும் அக்காவும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினார்கள்.

அன்றைய எதிரி ஒரு ராட்சத உடும்பு. ஏழு ஆள் நீளம். ஆறாவது லெவல் ஆட்களுக்கென்று ஒரு வாரம் மெனக்கெட்டுத் தயாரித்தது. முதல் சுற்றிலேயே உடும்பு அத்தானைப் பார்த்து வாலைச் சுழற்றியது. மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். இருபது. அதைவிடப் பெரிய எண்ணே கிடையாது.

"மூணு" என்றேன். "வால் பாறையில பட்டுட்டு. தப்பிச்சிட்டிய அத்தான்."

சொல்லி வாயை மூடவில்லை. சாரலோடு ஒரு காற்று அடித்தது பாருங்கள், ஆல்பம் அப்படியே சுருண்டு முற்றத்தில் போய் விழுந்தது. பாயின் நடுவே, எல்லார் கண் முன்னாலும், பகடை இருபதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பகடையை மறைக்கக் கையை நீட்டினேன், காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டதுதான் மிச்சம்.

அத்தான் குனிந்து பகடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா தம்பி?"

"இன்னைக்குத்தான் அத்தான். கை தவறி..."

"முதலக் குளத்துல?"

நான் கவிழ்ந்த தம்ளரை நிமிர்த்தி வைத்தேன்.

"குகையில?"

"அதுல ரெண்டு தடவ" என்றாள் என் மனைவி, மெதுவாக.

"செரி, எது நெசம்னு சொல்லுங்க. அத மட்டும் வச்சுக்கிடுதேன்" என்று பென்சிலையும் அழிப்பானையும் எடுத்தார். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. "அத்தான், நெசமாப் பாத்தா முதல் நாளே, முதல் அம்புலயே நீங்க செத்துட்டிய."

கத்தரிக்காய் நறுக்கிய அம்மாவின் கை நின்றது. "என்ன பேச்சுப் பேசுத மூதி? நாக்குல என்ன இருக்கு?"

"அப்ப நாலு மாசமா நாங்க பேய் கூடயா சுத்தினோம்?" என்றான் தோழன்.

சிரிக்கிறேன் இப்போது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தான் ஆறை அழித்தார். நிதானமாக, ஓரம் கிழியாமல், முப்பத்தெட்டு உயிர்ப் புள்ளியை அழித்தார், கோட்டை ஏறும் திறமையை அழித்தார், பூட்டுத் திறப்பதை அழித்தார். அழிப்பான் தூசியை ஊதிவிட்டு லெவல் ஒன்று என்று எழுதினார். உயிர் எட்டு. அவர் எழுந்து போய்விடுவார், இனிமேல் புதன்கிழமை போன் வராது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. "மன்னிச்சிருங்க அத்தான். நீங்க மனசு நோவக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"தம்பி, எனக்கு கேரம் ஆடத் தெரியாது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒம்பது வருசமா உங்க வீட்ல கேரம் ஆடுதேன். ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்ல. எனக்கு கேரம் ஆடவே தெரியாது. சீட்டும் தெரியாது. எல்லாத்துலயும் நான்தான் ஜெயிக்கேன். நான் ஒரு சோக்கு சொன்னா, சொல்லி முடிக்கும் முன்ன எல்லாரும் சிரிக்கிய. அதான் பேசுததையே விட்டுட்டேன்." தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "இந்த ஒண்ணுதான் நானா சம்பாதிச்சதுன்னு நெனச்சேன்."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. மரியாதை என்ற பேரில் ஒரு மனிதனை ஒன்பது வருடமாகத் தனியாக உட்கார வைத்திருக்கிறோம். பதினேழாவது விதி எழுதிய அறிவாளி நான், அதை முதலில் மீறியவனும் நான்தான்.

"இப்ப உடும்ப எடுங்க. பகடைய எல்லாரும் பாக்க உருட்டுங்க" என்றார்.

"லெவல் ஒண்ணுக்கு இந்த உடும்பு ரொம்ப ஓவர் அத்தான். ஒரு பல்லியப் போடுதேன்."

"உடும்பு" என்றார்.

முறைக்கு மறுபடி உருட்டினோம். மனைவிக்குப் பதினேழு, அத்தானுக்குப் பன்னிரண்டு, உடும்புக்கு ஒன்பது, தோழனுக்கு ஐந்து. மனைவி கோடாலியால் வெட்டினாள். அத்தான் கத்தியை எறிந்தார், பட்டது, மூன்று சேதம். அடுத்தது உடும்பின் முறை. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு உயிர் நிறைய இருக்கிறது, இரண்டு அடி வாங்கினால் ஒன்றும் ஆகாது.

"விதி பன்னிரண்டு" என்றாள் அவள். "மிருகம், கடைசியாக் காயப்படுத்தினவரத்தான் திருப்பி அடிக்கும். நீங்களே அச்சடிச்சது."

"மாப்ளைக்கு விட்டுக் குடுலே!" என்றாள் அம்மா.

"எம்மா, நீ சும்ம இரு" என்றாள் அக்கா. கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு, பாயின் விளிம்புக்கு நகர்ந்து வந்திருந்தாள். "ஏலே, அடி அவர."

உருட்டினேன். பதினைந்து. சேதத்துக்கு இரண்டு பகடை: ஐந்தும் மூன்றும், எட்டு. அத்தானின் எட்டும் தீர்ந்தது. எட்டைத் தாண்டாததால் உடனடிச் சாவு இல்லை. ஆள் விழுந்து கிடப்பார், தன் முறை வரும்போதெல்லாம் உருட்ட வேண்டும். பத்துக்கு மேல் மூன்று தடவை விழுந்தால் பிழைத்தார், கீழே மூன்று தடவை விழுந்தால் முடிந்தார்.

தோழனிடம் மூலிகை இருந்தது. அதைக் கொண்டுபோய் அத்தான் வாயில் பிழிந்தால் போதும், ஆனால் உடும்பைச் சுற்றி ஓட வேண்டும். பேச்சு பதினெட்டு வைத்திருந்தவனுக்கு ஓட்டம் இரண்டு. ஒவ்வொரு சுற்றும் உருட்டினான், ஒவ்வொரு சுற்றும் வழுக்கி விழுந்தான். பதற்றத்தில் உடும்போடு பேரம் பேச ஆரம்பித்தான். "அண்ணாச்சி, நீங்களும் யாவாரம் தெரிஞ்ச ஆளு..." உடும்புக்குப் பேச்சு புரியாது என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிக்கொண்டே இருந்தாள். உடும்பு சாகிற வழியாக இல்லை. ஒரு வாரம் மெனக்கெட்டுத் தயாரித்த என்னை நானே வைதுகொண்டேன்.

அத்தான் பதினான்கு போட்டார். அக்கா கை தட்டினாள். அடுத்த சுற்றில் ஆறு. அதற்கடுத்து பதினொன்று. அம்மா எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நல்லாக் குலுக்கிப் போடுங்க மாப்ள" என்றாள். மூன்று விழுந்தது. இரண்டுக்கு இரண்டு. எனக்கு அவர் பிழைக்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தான் கடைசியாக உருட்டினார். பகடை பாயில் ஓடி, அக்காவின் காலில் முட்டி நின்றது.

ஏழு.

"மறுபடி உருட்டச் சொல்லுலே, கால்ல இடிச்சிட்டுல்லா!" என்று அம்மா அலறினாள்.

"இல்ல அத்தே, செத்துட்டேன்" என்றார் அத்தான். முகமெல்லாம் பல். பாத்திரத் தாளின் அடியில் அழகான கையெழுத்தில், உடும்பு அடித்து இறந்தது என்று எழுதினார். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், மரம் அறுக்கிற கை. "நல்ல அடிலே அது" என்றார். என்னை அவர் அதற்கு முன்னால் உரிமையாக லே போட்டதே இல்லை. நான் அழுதுவிட்டேன். முதுகு வலி என்று சொல்லிச் சமாளித்தேன், அதுவும் பாதி உண்மைதான்.

அம்மா அவரை உட்கார வைத்து மிளகாய் வற்றல் சுற்றிப் போட்டாள். அவரும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டு, வால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தான் எப்படி விழுந்தோம் என்று அவளுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். "அப்படிச் சொல்லாதிய மாப்ள, அப்படிச் சொல்லாதிய" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இரிங்க அத்தே, இன்னும் இருக்கு" என்று தொடர்ந்தார்.

அடுத்த ஞாயிறு புது ஆளோடு வந்தார். லெவல் ஒன்று, சமையல்காரன். இரண்டாவது சுற்றிலேயே மரநாய் கடித்துச் செத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததுமே சண்டைக்கு வந்தாள்.

"ஏலே, அவர என்ன பண்ணித் தொலைச்சிய? சோத்துல உக்காந்துக்கிட்டு, எனக்குச் சொதி பிடிக்காதுன்னு சொல்லுதாருலே."

"சொதியா?"

"மறுவீட்டு விருந்துல நல்லா இருக்குன்னு சொன்னாரேன்னு, ஒம்பது வருசமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம தேங்காப் பால் எடுத்துச் சொதி வைக்கேன். அன்னைக்கே பிடிக்கலையாம். இப்பச் சொல்லுதாரு."

"பெறவு?"

"பெறவென்ன, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரும் திருப்பி ஏசினாரு." பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. "ரசம் வச்சுக் குடுத்திருக்கேன். ரெண்டாவது தடவ வாங்கித் திங்காரு. நீ போன வை, நான் போயிப் பாக்கணும்."